கடிகாரம் 97 காட்டிய காலையில் அப்பாவுக்கு ஏன் மூச்சு முட்டியது?

சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் 43 வயது வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்டா மாவட்டம் ஒன்றில் அம்மாவுடன் வசிக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மாரடைப்பு வந்தது. அதன் பிறகு 'பம்பிங் 30 சதவீதம்' என்று எக்கோ அறிக்கை சொல்கிறது. கடந்த எட்டு மாதங்களில் இரண்டு முறை மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறைக்குப் பிறகு, சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினார். அப்பாவின் நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் அவர் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார். இரண்டாவது முறை அப்பாவுக்கு மூச்சு முட்டிய காலையில் கடிகாரம் ஆக்சிஜன் 97, துடிப்பு 74 என்று காட்டியது. 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று மதியம் வரை காத்திருந்தார்கள். மாலையில் ஆம்புலன்ஸ் வந்தது.

இப்போது தம்பி, நுரையீரல் தமனிக்குள் பொருத்தும் சென்சார் பற்றிப் படித்துவிட்டு, எவ்வளவு செலவானாலும் வைத்துவிடலாம் என்கிறார். அப்பாவோ கடிகாரத்தையே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். 'வேலையில் இருந்தபோது செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவார், இறங்கிப் போய்விடுவார். நீங்கள் இறங்கவே மாட்டேன் என்கிறீர்கள்' என்றாராம். வாசகியின் கேள்விகள் மூன்று. கடிகாரம் ஏன் ஏமாற்றியது? அந்தச் சென்சாரை வைக்கலாமா? அப்பா மறுத்தால், அவருடைய நன்மைக்காக நாமே முடிவெடுக்கலாமா? கடைசி வரியில், 'அன்று காலையே கூட்டிப்போயிருந்தால் இவ்வளவு அவதிப்பட்டிருக்க மாட்டாரோ என்று தூக்கம் வருவதில்லை' என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. கையில் இருந்த கருவி சொன்னதை நம்பினீர்கள். அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குறை, இதய மருத்துவர்களாகிய எங்கள் பக்கம் இருப்பது.

முதலில் அந்த '30 சதவீதம்'. 70 சதவீத இதயம் செத்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆரோக்கியமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம்தான் அனுப்புகிறது. அப்பாவின் இதயம் 30 அனுப்புகிறது. பலவீனம்தான், மறுக்கவில்லை. ஆனால் சரியான மருந்துகளுடன் இந்த எண் உயர்ந்தவர்களை என் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். இந்தப் பலவீனத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் 'இதயச் செயலிழப்பு' என்ற பெயரே குடும்பங்களைப் பாதி கொன்றுவிடுகிறது. நோய் இருப்பது உண்மை. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

அந்தக் காலையில் நடந்தது

கடிகாரம் பொய் சொல்லவில்லை. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பையும் ஆக்சிஜனையும் அது கணக்கிடுகிறது. அப்பாவின் உடலில் அப்போது ஏறிக்கொண்டிருந்தது வேறொன்று: இதயம் முன்னே தள்ள முடியாமல் பின்னே தேங்கிய ரத்தத்தின் அழுத்தம். அழுத்தம் ஏறினால் நுரையீரலின் நுண்ணிய சுவர்களில் நீர் ஊறும். நுரையீரல் விறைக்கும், மூச்சை இழுக்கவே உழைக்க வேண்டியிருக்கும். ஆனால் காற்றுப்பைகளுக்குள் நீர் இறங்கும்வரை ஆக்சிஜன் அளவு பெரிதாகக் குறையாது. மூச்சு முட்டும், 97-ம் இருக்கும். இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்தே முடிவெடுக்கப் பழகிவிட்டோம். இந்த நோயில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தின் நடுவில், வேறு ஏதோ சொல்லும்போது போகிற போக்கில் சில விவரங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை நான் மூன்று முறை படித்தேன். முந்தைய வாரம் உறவினர் திருமணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கினார். திரும்பி வந்ததும் வேட்டி இடுப்பில் இறுகுகிறது என்றார். மாலையில் செருப்பு வார் காலில் பதிந்திருந்தது. குனிந்து வாசல் குழாயைத் திறக்கும்போது மூச்சு வாங்கியது. இரவில் ஒரு தலையணை மூன்றானது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

என் பார்வையில், ஆம்புலன்ஸ் வந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிய கதை இது. விருந்துச் சாப்பாடு, ஊறுகாய், அப்பளம் வழியாக உப்பு உள்ளே போனது. அதைவிட முக்கியமாக அந்த வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் போன்றவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், சிறுநீரகத்தையும் சோர்வாக்கும், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் 'நீர் மாத்திரை'யின் வேலையையும் கெடுக்கும். இதயம் பலவீனமானவர்கள் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதற்கு இது அடிக்கடி காரணமாக இருப்பதைக் காண்கிறேன். சீட்டில்லாமல் கவுன்டரில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மாத்திரை, மாதக்கணக்கில் நாங்கள் சீர்செய்ததைச் சில நாட்களில் கலைத்துவிடுகிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், வலி அவருக்கு நிஜம். மூட்டுவலிக்கு எதைப் போடலாம் என்று இதய மருத்துவரிடமே கேட்டு, பெயரை எழுதி வாங்கி அலமாரியில் ஒட்டிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். 'உப்பைக் குறைக்கத் தம்பி அனுப்பிய சோடியம் குறைந்த உப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம். அப்பாவின் பட்டியலில் உள்ள ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. 'சூட்டைத் தணிக்க' அம்மா தினமும் கொடுக்கும் இளநீரிலும் பொட்டாசியம் ஏராளம். மூன்றும் சேர்ந்தால் துடிப்பின் ஒழுங்கே குலையலாம். அந்த உப்பை இன்றே நிறுத்துங்கள். இளநீர் கொடுக்கலாமா என்பதைப் பொட்டாசியம் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

நுரையீரல் தமனியில் வைக்கும் சென்சார்

தம்பி படித்தது கார்டியோமெம்ஸ் என்ற கருவியைப் பற்றி என்று தெரிகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். தொடை இடுக்குச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி நுரையீரல் தமனியின் கிளையில் வைத்துவிடுவார்கள். அதில் பேட்டரி கிடையாது. ஆன்டெனா பொருத்திய தலையணையில் தினமும் சற்று நேரம் படுத்தால், வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையில் அது உயிர் பெற்று, தமனியின் அழுத்தத்தைத் தெரிவிக்கும். மூச்சுத்திணறலுக்குப் பல நாட்கள் முன்பே அழுத்தம் ஏறத் தொடங்குவதால், அப்போதே மருந்தை மாற்றிவிடலாம் என்பதுதான் யோசனை. அமெரிக்காவில் 2014-ல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

நல்ல கருவி. தம்பியின் ஆசையில் தவறில்லை. காகிதத்தில் பார்த்தால் அப்பாவுக்குத் தகுதியும் இருக்கிறது: சிறிது நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கடந்த ஓராண்டுக்குள் மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். ஆனால் ஒப்புதலுக்கு அடிப்படையாக இருந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். அதில் 550 நோயாளிகள். எல்லாருக்குமே சென்சார் வைத்தார்கள், எல்லாருமே தினமும் தலையணையில் படுத்தார்கள். பாதிப் பேரின் அழுத்த எண்களை மட்டும் அவர்களுடைய மருத்துவர்களிடம் காட்டினார்கள், மறுபாதிப் பேருடையதைக் காட்டவில்லை. ஆறு மாதத்தில், எண்களைப் பார்த்து மருந்தை மாற்றிய குழுவில் மருத்துவமனைச் சேர்க்கை 28 சதவீதம் குறைந்தது. அதே சென்சாரை உடலில் வைத்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

பிந்தைய ஆய்வுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021-ல் வெளியான, 1000 பேர் பங்கேற்ற ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் உறுதியாக நிரூபணமாகவில்லை. நடுவில் கொரோனா வந்து கணக்கைக் குழப்பியது. 2023-ல் நெதர்லாந்தில் 348 பேரிடம் நடந்த ஆய்வில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தது.

எண்ணைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் எச்சரிக்கை மட்டும் ஒலித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மார்பில் பொருத்திய கருவிகள் நுரையீரலில் நீர் சேர்வதை உணர்ந்து ஒலி எழுப்புமாறு செய்து, 335 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. ஒலி கேட்டவர்கள் மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை, கூடியது. பயந்து ஓடினார்கள், பாவம். இதற்கு நேர்மாறாக, 2018-ல் ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் உடலுக்குள் எதையும் வைக்கவில்லை. எடை மெஷின், ரத்த அழுத்தக் கருவி, இ.சி.ஜி., ஆக்சிமீட்டர், அவ்வளவுதான். ஆனால் மறுமுனையில் 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் ஓராண்டில் 100 பேருக்குச் சுமார் 11 மரணங்கள், இப்படிக் கண்காணிக்கப்பட்டவர்களிடம் சுமார் 8.

ஆகவே விலையை விசாரிப்பதற்கு முன் தம்பி கேட்க வேண்டியவை இவை. சென்சாரைப் பொருத்தப் போகிறவரிடமே கேட்கட்டும். அந்த எண்ணை ஒவ்வொரு நாளும் பார்க்கப் போவது யார்? ஞாயிற்றுக்கிழமை யார்? எண் ஏறினால் அம்மாவுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் யார் போன் செய்வார்கள்? பொருத்திய முதல் மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை அப்பாவின் வயிறு தாங்குமா? அவருடைய சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது? முதல் மூன்று கேள்விகளுக்குப் பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் பொருத்தாதீர்கள். இதில் என் கருத்து உறுதியானது.

சென்சாருக்கு முன்னால் கேட்க வேண்டியது

நீங்கள் அனுப்பிய மருந்துப் பட்டியலில் ஒன்று குறைகிறது. பம்பிங் குறைந்த இதயத்துக்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே முறை. அப்பா எடுப்பது மூன்று. விடுபட்டது, சர்க்கரைக்காகக் கண்டுபிடித்து, சர்க்கரை இல்லாதவர்களின் இதயத்துக்கும் நன்மை செய்கிறது என்று 2019-க்குப் பிறகு நிரூபணமான வகை: டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். அப்பாவுக்கு அது வேண்டாம் என்று மருத்துவர் நினைக்கக் காரணம் இருக்கலாம். 'ஏன் இல்லை?' என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்னொன்று: மூன்று மாதம் முறையாக மருந்து எடுத்த பிறகும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழேயே இருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்க, துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. என்ற கருவியை உடலில் பொருத்துவது தேவையா என்று யோசிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எதுவுமே இல்லை. அந்தக் கருவிகளில் பலவற்றில் துடிப்பையும் நீர்த் தேக்கத்தையும் கவனிக்கும் சென்சார்கள் கூடவே வருகின்றன. ஒருவேளை தம்பி தேடுவது அந்த வழியில் கிடைக்கலாம்.

எடை மெஷினும் ஒரு நோட்டும்

இப்போதைக்கு வீட்டில் வேண்டியது பெரிய எண் தெரியும் எடை மெஷினும், மேல்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவியும். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில், சிமென்ட் தரையில் மெஷினை வைத்து எடை பார்க்க வேண்டும். வீக்கம் வடிந்து வீடு திரும்பிய நாளின் எடையே அடிப்படை. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அல்ல, நீர். அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். எடையும் முழுமையான சாட்சி இல்லை; எடை ஏறாமலே நுரையீரலில் நீர் சேர்வதும் உண்டு. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கான பதிலையும் எழுதுங்கள்: நேற்றிரவு எத்தனை தலையணை? கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா? குனிந்தால் மூச்சு வாங்குகிறதா?

எத்தனை கிலோ ஏறினால் நீர் மாத்திரையை எவ்வளவு கூட்டுவது, எத்தனை நாளைக்கு, அதன் பிறகு எந்த ரத்தப் பரிசோதனை என்பதை மருத்துவர் கைப்பட எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் நீங்களாகக் கூட்டாதீர்கள். தொலைபேசி, வீடியோ வழியாக ஆலோசனை தர 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் அப்பாவை 40 கிலோமீட்டர் அழைத்துப் போக வேண்டியதில்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மாதம் ஒருமுறை வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கருவி காட்டும் ரத்த அழுத்தம் சரிதானா என்று அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நுரையோடு சளி வந்தாலோ நோட்டையும் கடிகாரத்தையும் பார்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

அப்பாவின் மறுப்பு

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: முடியாது. சுயநினைவோடு, புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும் ஒருவரின் உடலில் எதைப் பொருத்துவதற்கும் அவருடைய ஒப்புதல்தான் வேண்டும். மகன், மகள், மனைவி என யாருடைய கையெழுத்தும் அதற்கு ஈடாகாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், மயக்க நிலையில் இருந்த பெண்ணின் தாயிடம் ஒப்புதல் வாங்கிச் செய்த அறுவை சிகிச்சையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கடிகாரத்தின் தரவுக்கும் அந்த மரியாதை உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-ல் வந்த சட்டம், தரவை வைத்திருக்கும் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். அப்பாவின் துடிப்பை மகன் வீட்டுக்குள் பார்ப்பதை அது தடுக்காது. அதை அப்பாதான் அனுமதிக்க வேண்டும்.

அவர் கடிகாரத்தைக் கழற்றிய காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நள்ளிரவு இரண்டரை மணிக்குத் துடிப்பு 48 என்று எச்சரிக்கை வர, சிங்கப்பூரில் ஐந்து மணிக்குக் கண்விழித்த தம்பி பதறிப் போன் செய்தார். அப்பா தூக்கத்திலிருந்து எழுந்தார், அம்மா விடியும்வரை அழுதார். துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் எடுப்பவருக்கு ஆழ்ந்த தூக்கத்தில் 48 என்பது பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் அடையாளம். பகலில் தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் மட்டும் சொல்ல வேண்டிய விஷயம். தம்பியின் பாசம் எனக்குப் புரிகிறது. தொலைவில் இருப்பவருக்கு எண் ஒன்றுதான் கைக்கு எட்டுகிறது. ஆனால் அந்த இரவு எச்சரிக்கையை அவர் இன்றே அணைத்துவிட வேண்டும். கடிகாரத்துக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது: ஒழுங்கற்ற துடிப்பை அது சில நேரம் கண்டுபிடித்துவிடும், பக்கவாதத்தைத் தடுக்க அது உதவலாம். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. அப்பா விரும்பினால் பகலில் கட்டிக்கொள்ளட்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொரு நடைக்கும் டிக்கெட் கணக்கும் பணக்கணக்கும் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர் அவர். அந்த எடை நோட்டை அவர் கையில் கொடுங்கள். அவரே எடை பார்த்து, அவரே எழுதட்டும். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை, அவரே தம்பிக்குப் போன் செய்து கணக்கை வாசிக்கட்டும். தம்பி கேட்டுக்கொண்டால் போதும், அதட்ட வேண்டாம்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டு, எல்லா மாத்திரை அட்டைகள், அந்த உப்புப் பொட்டலம் மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் முன்னால் அப்பா உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சென்சார் பற்றியும் அங்கே அவரே கேட்கட்டும்.